பதினேழாம் வரிசை

அமிர்தகழி
02.03.2025

அன்பின் நிலானி,

இன்று காலை எழும்பியதும் அடுப்பு மூட்டாமல், முகம்கூடச் சரியாகக் கழுவாமல், வாவிக்கரைக்குப் போய் ஒரு கண்டல் கன்றைப் பையோடு பிடுங்கினேன். பூசைக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. உன் அத்தான் எழும்பி வந்தபோது நான் சேற்றுக் காலோடு கிணற்றடியில் நின்று அந்தப் பையைக் கழுவிக்கொண்டிருந்தேன். "ஞாயிற்றுக்கிழமையிலயும் சோதினையா?" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணியைத் தானே ஊற்றிக் குடித்தார்.

மற்றப்படி இங்கே ஆண்டவர் கிருபையால் சுகத்துக்குக் குறைவில்லை. அவருக்கு முழங்கால் நோ மாறவில்லை, ஆனாலும் தண்ணீர்க் குழாய் பைப் பூட்டும் வேலைக்குப் போய்வருகிறார். உன் கஸ்ரிக் வயிற்றெரிவு எப்படி? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? கடிதம் எதற்கு, ஒரு கோல் எடுக்கலாமே என்று நீ நினைக்கக் கூடாது. அம்மாவின் அடக்கத்தன்று நாம் செய்த ஒப்பந்தம் இது. போனில் ஐந்தாம் நிமிடம் சண்டை பிடிக்கிறோம், தாளில் நல்ல மனிதர்களாக இருக்கிறோம்.

விசயத்துக்கு வருகிறேன். எங்கள் மாதர் சங்கம் கண்டல் கன்று வளர்த்து வாவியோர உப்புச் சேற்றில் நடுவது உனக்குத் தெரியும். இருபத்திரண்டு பெண்கள். மார்கழியில் வெள்ளம் வடிந்த கையோடு ஆளுக்கொரு வரிசை, வரிசைக்கு நூற்றைம்பது கன்று என்று நட்டோம். முந்திக் கறுப்புப் பொலித்தீன் பையில் கன்று வளர்த்து, பையைக் கிழித்தெடுத்துவிட்டு நடுவோம். இந்த முறை திட்ட அலுவலகம் புதுப்பை தந்தது. உக்கும் பையாம், வாவிக்குள் கிடந்து தானே அழியுமாம். ஆகவே பையோடு நடச் சொல்லப்பட்டது.

மூன்று மாதம் முடிகிறது. நான் கழுவிய பையில் ஒரு கிழிசல் இல்லை. வேர்கள் உள்ளுக்குள் சுற்றிச் சுற்றிப் பாய் முடைந்ததுபோல் கிடக்கின்றன. பையில் அச்சடித்த எழுத்தைக் கண்ணாடி இல்லாமலே வாசித்தேன்: "ஆறு மாதத்தில் மண்ணோடு உக்கும்." பக்கத்தில் பெரிய பச்சை இலை. நுனி கொஞ்சம் வளைந்த பூவரசம் இலை, எங்கள் பழைய வேலியில் நின்றதைப் போல. யார் கீறிய படமோ. கீழே உன் கம்பனியின் பெயர்.

ஆவணியில் வந்து உயிரோடு நிற்கும் கன்றுகளை எண்ணுவார்கள். பாதிக்குக் கீழே போனால் அடுத்த மூன்று வருட வேலை எங்களுக்கு இல்லை. அது மட்டுமல்ல. பராமரிக்கத் தெரியாத பெண்கள் என்று எழுதிவிடுவார்கள். அந்தப் பெயர் ஒட்டினால் பிறகு ஒரு அலுவலகமும் எங்களைக் கூப்பிடாது.

இந்தப் பையைப் பற்றி உனக்கு ஏதாவது தெரியுமா?

இப்படிக்கு
உன் அக்கா றோஸ்மேரி


வெள்ளவத்தை
19.03.2025

அன்புள்ள அக்கா,

நலம். அத்தானின் முழங்காலுக்கு ஒரு எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன், ஆள் வந்தால் கொடுத்துவிடுகிறேன். கஸ்ரிக் இருக்கிறது, போகிறது. கொழும்பில் வெயில் தாங்க முடியவில்லை.

நீங்கள் சொல்லும் பை வேறு பிரிவின் வேலை. நான் பெரும்பாலும் பிஸ்கட் பெட்டி, சவர்க்கார உறை என்றுதான் இருக்கிறேன். ஆனால் அந்தப் பைக்கு முறையான சான்றிதழ் இருக்கிறது. வெளிநாட்டில் பரிசோதித்த மூலப்பொருள். ஆறு மாதம் என்று எழுதியிருந்தால் ஆறு மாதம் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் அக்கா. மூன்றாம் மாதத்தில் பிடுங்கிப் பார்த்தால் எந்தக் கன்றும் குழம்பத்தான் செய்யும்.

கொடுவாய்க் கருவாடு கிடைத்தால் கொஞ்சம் அனுப்புங்கள்.

அன்புத் தங்கை
நிலானி


அமிர்தகழி
30.03.2025

அன்பின் நிலானி,

கருவாட்டை இத்தோடு ரயிலில் வரும் ஆளிடம் கொடுத்துவிடுகிறேன். அளவாகச் சாப்பிடு, உன் வயிற்றுக்கு உப்புக் கூடாது. இங்கே எல்லோரும் சுகம். தவக்காலம் என்றபடியால் உன் அத்தான் இறைச்சியை விட்டிருக்கிறார், அதைச் சொல்லிச் சொல்லியே எங்களுக்கும் பசி காட்டுகிறார்.

நீ சொன்னது சரி. ஆறு மாதம் என்றால் ஆறு மாதம் பார்க்கத்தான் வேண்டும். அதனால் நடுகைக்கு வந்தவற்றில் மிச்சமாய்க் கிடந்த பத்துப் பைகளை எடுத்துச் சேறு நிரப்பி, இறால் வலைக்குள் போட்டு, வாவிக்குள் ஒரு கம்பில் கட்டியிருக்கிறேன். பக்கத்துக் கம்பில் கடையில் தரும் சாதாரண சொப்பிங் பை பத்து. மூன்றாம் கம்பில் தும்புச் சட்டி. தேங்காய்த் தும்பை அமுக்கிச் செய்த சட்டி, எனக்கு நம்பிக்கை அதில்தான். மாதம் ஒருமுறை ஒவ்வொன்றை எடுத்து மணல் நிரப்பி, மீன் தராசில் தூக்கிப் பார்க்கப்போகிறேன். எவ்வளவு பாரத்தில் கிழிகிறது என்று கொப்பியில் எழுதுவேன். என் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். வாவியில் தோணி விடுகிறவர்கள், "டீச்சர் சொப்பிங் பைக்குத் தூண்டில் போடுறா" என்று பகிடி பண்ணுகிறார்களாம்.

உன்னிடம் ஒரேயொரு கேள்வி. அந்தச் சான்றிதழுக்கு எந்தச் சூட்டில் பரிசோதித்தார்கள்? பொருள் உக்குவது சூட்டையும் காற்றையும் பொறுத்தது, இதை நான் வகுப்பில் இருபத்தைந்து வருடமாகப் படிப்பிக்கிறேன். வாவிச் சேற்றுக்குள் காற்று இல்லை. பள்ளிக்கூடத்து வெப்பமானியைக் கொண்டுபோய்ச் சேற்றுக்குள் குத்திப் பார்த்தேன். காலையில் இருபத்தொன்பது பாகை, நடுப்பகலில் முப்பத்தொன்று.

பதில் எழுது.

அக்கா
றோஸ்மேரி


வெள்ளவத்தை
22.04.2025

அன்புள்ள அக்கா, அத்தான்,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்துகள். லீவு கிடைக்கவில்லை, அதனால் வர முடியாமல் போய்விட்டது. கருவாட்டுக்கு நன்றி. பையைப் பற்றிய கம்பனிக் கைநூலை இத்துடன் அனுப்புகிறேன், நல்ல தாளில் அழகாக இருக்கிறது. வேலை கொஞ்சம் கூட. கஸ்ரிக்குக்கு மருந்தை மாற்றியிருக்கிறார்கள். பிறகு விரிவாக எழுதுகிறேன்.

நிலானி


அமிர்தகழி
25.05.2025

அன்பின் நிலானி,

கைநூல் கிடைத்தது. பன்னிரண்டு பக்கம், பதினான்கு பச்சை இலை. சூடு பற்றி ஒரு வரி இல்லை. மருந்தை எதற்காக மாற்றினார்கள்? உன்னைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நாங்கள் நலம்.

முதலில் என் தோல்வியைச் சொல்கிறேன். தும்புச் சட்டி ஏழு கிழமையில் முடிந்தது. நண்டு கீறிக் கிழித்துவிட்டது, மிச்சம் கஞ்சியாகக் கரைந்தது. கன்று நாற்றுமேடையில் நான்கு மாதம் நிற்க வேண்டும். சட்டி இரண்டு மாதம்கூடத் தாங்காது. இயற்கையானது என்ற ஒரே காரணத்துக்காக நான் அதை நம்பியிருந்தேன். இலைப் படத்தைப் பார்த்து ஒரு பையை நம்புவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அன்று முழுக்க யோசித்தேன். உன் கம்பனிப் பை நான்கு கிலோ மணலைத் தூக்கியது. சொப்பிங் பையும் நான்கு கிலோ.

திட்ட அலுவலகத்து வினோஜன் போன கிழமை வந்தான். நல்ல பிள்ளை, ஆனால் மேலிடத்துக்குப் பயந்தவன். கன்றுகள் மஞ்சளடித்து நிற்கின்றன. இருபத்தொரு வரிசையில் பாதிக்கு மேல் செத்துவிட்டது. என்னுடையது முதலாம் வரிசை, அதில் பச்சையாக நிற்பவை ஒன்பது. ஆனால் பதினேழாம் வரிசை மட்டும் இடுப்பளவுக்கு வந்துவிட்டது. அது கண்ணகையுடையது. மிளகாய்த் தோட்டம் செய்கிறவள், நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவள், என்னைவிட ஆறேழு வயது கூட.

வினோஜன் அந்த வரிசையில் நின்றுகொண்டு, "பாத்தீங்களா? பராமரிச்சா வரும். இந்த அம்மா பராமரிச்சிருக்கா, மத்த ஆக்கள் பராமரிக்கல்ல" என்றான். பை சரியில்லை என்று நான் சொன்னதற்கு அவனிடம் பதில் தயாராக இருந்தது. எல்லோருக்கும் ஒரே பைதானே, டீச்சர்.

உண்மைதான். ஒரே பைதான். கண்ணகை தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அன்றிலிருந்து மற்றப் பெண்கள் அவளோடு சரியாகக் கதைப்பதில்லை. வெட்கமாக இருக்கிறது, நிலானி. எங்களுக்கு எதிரான சாட்சி எங்கள் வரிசைகளுக்கு நடுவிலேயே செழித்து நிற்கிறது.

அக்கா


அமிர்தகழி
06.07.2025

அன்பின் நிலானி,

நான் எழுதி ஆறு கிழமை, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. சுகமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். நட்டு ஆறு மாதமும் முடிந்தது. நேற்று என் வரிசையில் செத்த கன்றொன்றின் பையைக் கழற்றித் தூக்கிப் பார்த்தேன், அதுவும் நான்கு கிலோதான்.

பதினேழாம் வரிசையின் இரகசியம் தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டுக் கண்ணகையின் வீட்டுக்குப் போனேன். அவள் செய்த பராமரிப்பு என்னவென்று கேட்டு மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கலாம் என்பதுதான் நோக்கம். படலையைத் திறந்தால் வேலி நீளத்துக்கு மிளகாய்க் கன்றுகள். ஒவ்வொன்றும் ஒரு பைக்குள். ஒவ்வொரு பையிலும் பச்சைப் பூவரசம் இலை.

என்னைக் கண்டதும் அவள் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். "டீச்சர், ஏசாதீங்க" என்றாள். பிறகு மெல்ல மெல்லச் சொன்னாள். மார்கழியில் நடும்போது தன் வரிசைக் கன்றுகளை ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, பையைக் கழற்றி, இடுப்பில் செருகிக்கொண்டு நட்டிருக்கிறாள். ஒருவரும் காணவில்லை. கத்தரி, மிளகாய் எது நட்டாலும் அவளுடைய கை அப்படித்தான் பழகியிருக்கிறது. உடுப்போடு நட மனம் வரவில்லையாம். பைகள் நல்ல உறுதியாக இருந்தன, எறியவும் மனம் வரவில்லையாம்.

"வினோஜன் தம்பிக்கிட்ட அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, கண்ணகை?"

"தம்பிக்கு ஆரு பயம்? நான் பயந்தது உங்களுக்குத்தான், டீச்சர்."

நிலானி, என் முதல் கடிதத்தில் பையோடு நடச் சொல்லப்பட்டது என்று எழுதினேன். சொன்னது நான். நடுகைக்கு முதல்நாள் கரும்பலகையில் வேரின் படம் கீறி, பையிலிருந்த வசனத்தை எல்லோருக்கும் உரத்து வாசித்துக் காட்டியவள் நான். ஒரு பையைக்கூடக் கழற்றக் கூடாது, கழற்றுகிறவரின் பெயர் சங்கத்திலிருந்து வெட்டப்படும் என்று கொப்பியில் எழுதிக் கையெழுத்து வாங்கியவளும் நான்தான். அன்று கண்ணகை கேட்டாள்: "சட்டியோட ஆரும் கத்தரி நடுவாங்களா, டீச்சர்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு, அது சட்டி, இது விஞ்ஞானம் என்றேன்.

விஞ்ஞானமா அது? நான் எதையும் சோதிக்கவில்லை. பையின் அடியில் உன் கம்பனியின் பெயரைக் கண்டேன், பெருமையாக இருந்தது, நம்பினேன். அவ்வளவுதான்.

இப்போது என் கையில் சாட்சி இருக்கிறது. பை கழற்றிய வரிசையில் நூற்றைம்பதில் நூற்று முப்பத்தொன்று உயிரோடு. பையோடு நட்ட வரிசைகளில் நாற்பது, முப்பது, என்னுடையதில் ஒன்பது. ஆனால் இதைச் சொன்னால் நான் எழுதிய விதிப்படி வெட்டப்படும் முதல் பெயர் கண்ணகையுடையது. சொல்லாமல் விட்டால் இருபத்தொரு பேரும் சோம்பேறிகள். மாமாங்கக் கோயில் திருவிழா முடிந்ததும், ஓகஸ்ட் ஏழாம் திகதி எண்ண வருகிறார்கள்.

நான் கேட்ட சூடு எத்தனை பாகை?

அக்கா


வெள்ளவத்தை
15.07.2025

அன்புள்ள அக்கா,

ஐம்பத்தெட்டு.

கூட்டெருக் குவியலில், காற்றுப் புகும்படி கிளறிக் கிளறி, நூற்றெண்பது நாள் ஐம்பத்தெட்டுப் பாகையில் வைத்துத்தான் பரிசோதித்தார்கள். அப்படி வைத்தால் அந்தப் பை உண்மையாகவே உக்கும். ஆறு மாதம் என்பது அங்கிருந்து வந்தது. பொய் இல்லை அக்கா, ஆனால் உங்கள் வாவிக்கு அது உண்மையும் இல்லை. அறிக்கையின் அந்தப் பக்கத்தைப் பிரதியெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

வேறு பிரிவு என்று எழுதினேன். இலையைக் கீறியது நான். பூவரசு என்று நீங்கள் முதல் கடிதத்திலேயே பிடித்துவிட்டீர்கள். அதை வாசித்த அன்றே உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். தமிழ் வசனத்தை எழுதியதும் நான்தான், எங்கள் மாடியில் தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தனியாக அச்சடித்த பைகளில் அந்த வசனத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி இருக்கிறது: தகுந்த வெப்பமும் காற்றும் உள்ள இடத்தில் மட்டும் என்று. தமிழில் அந்த வரிக்கு இடம் வரவில்லை. இலை பெரிதாகிவிட்டது. இலையைச் சிறிதாக்கியிருக்கலாம். இலை அழகாக இருந்தது, வரியை எடுத்துவிட்டேன்.

அந்தப் பைகள் எங்கே போகின்றன என்று ஒருமுறை எங்கள் பெரியவரிடம் கேட்டேன். எங்காவது கன்று நட, என்றார். பிறகு நான் கேட்கவில்லை. மட்டக்களப்புக்கு என்று உங்கள் கடிதத்தில்தான் அறிந்தேன். அந்தக் கடிதத்தை அலுவலக மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன், லாச்சியைத் திறக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. மருந்து மாற்றியது அதற்குத்தான்.

இந்தப் பக்கத்தை நீங்கள் கூட்டத்தில் காட்டலாம். யார் தந்தது என்று கேட்பார்கள். சொல்லுங்கள். கண்ணகை அக்கா இடுப்பில் செருகிக்கொண்டு போனதைவிட நான் செய்தது பெரிய களவு.

நிலானி


அமிர்தகழி
17.08.2025

அன்பின் நிலானி,

வென்றுவிட்டோம். இதை முதலில் எழுதிவிட்டுத்தான் சுகம் விசாரிக்கிறேன். சுகமா? நாங்கள் மிகமிகச் சுகம். உன் அத்தான் முழங்கால் நோவையும் மறந்து நடக்கிறார்.

ஏழாம் திகதி காலை வினோஜனும் அவனுக்கு மேலே உள்ள ஒரு அம்மாவும் வந்தார்கள். கோயில் பக்கம் திருவிழாக் கடைகளின் தடிகள் இன்னும் கழற்றாமல் கிடந்தன. எண்ணினார்கள். பதினேழாம் வரிசையைத் தவிர எல்லாம் பாதிக்குக் கீழே. நாற்றுமேடைக் கொட்டிலில் கூட்டம். வினோஜன் அறிக்கைக் கோவையைத் திறந்து, பராமரிப்புக் குறைவு என்று வாசிக்கத் தொடங்கினான்.

நான் எழும்பினேன். கண்ணகையின் பெயரைச் சொல்லாமல், என் பங்கை மட்டும் சொல்வது என்று முடிவுசெய்து போயிருந்தேன். "பையோட நடச் சொன்னது நான். சோதிக்காமல் சொன்னேன். இவங்க என்ர சொல்லைக் கேட்டுத்தான் நட்டாங்க. பிழை எழுதிறதெண்டா என்ர பெயரை எழுதுங்க" என்றேன். அந்த அம்மா என்னைப் பார்த்தார். இருபத்தைந்து வருடம் படிப்பித்தவள் எல்லோர் முன்னாலும் பிழை ஒப்புக்கொள்வது எப்படி இருக்கும் என்று பயந்திருந்தேன். ஒன்றுமில்லை, நிலானி. தலையிலிருந்த குடத்தை இறக்கி வைத்ததுபோல் இருந்தது.

அப்போது கண்ணகை எழும்பி வெளியே போனாள். ஓடிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். வாசலில் சைக்கிளில் கட்டியிருந்த உரப்பையை அவிழ்த்துக்கொண்டு திரும்பி வந்தாள். உள்ளே பையோடு ஒரு மிளகாய்க் கன்று, காய் காய்த்துத் தொங்குகிறது. நேரே போய் வினோஜனின் கோவைக்கு மேலே வைத்தாள்.

"தம்பி, எனக்கு வாசிக்கிறது குறைவு. ஆறு மாசத்துல உக்கும் எண்டு டீச்சர் வாசிச்சுச் சொன்னா. என்ட மிளகாய்க்கண்டுக்கு ஆரும் வாசிச்சுச் சொல்லல்ல போல. எட்டு மாசமாக் கண்டும் நிக்கிது, பையும் நிக்கிது. நான் என்ட வரிசையில ஒரு பையோடயும் நடல்ல. நூத்தம்பதையும் கழட்டிப்போட்டுத்தான் நட்டன். வெட்டுறதெண்டா என்ட பேர வெட்டுங்க."

யாரோ பின்னால் சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பினார். வினோஜன் கன்றைத் தூக்கி, பையின் அடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நான் கம்புகளில் கட்டிய பைகளையும் கொப்பியையும் மேசையில் வைத்தேன். அவன் கொப்பியைப் புரட்டினான், ஆனாலும் சான்றிதழ் இருக்கிறதே, டீச்சர் என்றான். நான் சொன்னேன்: "அது ஐம்பத்தெட்டுப் பாகைச் சூட்டில வாங்கின சான்றிதழ், தம்பி. அறிக்கையை நீங்களே கேட்டு எடுத்துப் பாருங்க. இந்த வாவியில ஐம்பத்தெட்டுப் பாகை உள்ள இடம் ஒண்டைக் காட்டுங்க, நாளைக்கே பையோட நடுறம்."

கேட்டு எடுத்தார்கள். ஒரு கிழமையில் பதில் வந்துவிட்டது. பராமரிப்புக் குறைவு என்ற வரியை அடித்து, பொருளின் குறை என்று எழுதியிருக்கிறார்கள். மூன்று வருட வேலையும் எங்களுக்குத்தான். அந்தப் பை இனி இந்தப் பக்கம் வராது. எப்படிக் கன்று வளர்ப்பது என்பதை இனிச் சங்கம்தான் தீர்மானிக்குமாம். வினோஜன் வந்து எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டான், கண்ணகை அவனுக்கு ஒரு பை மிளகாய் கொடுத்தாள். எந்தப் பையில் என்று நீயே யோசித்துக்கொள்.

இப்போது எல்லோரும் சேர்ந்து சேற்றிலிருந்து பைகளைப் பிடுங்குகிறோம். கன்றுகளில் தப்பக்கூடியவற்றைத் திரும்ப நடுகிறோம். பத்தொன்பது சாக்குப் பை நிரம்பிவிட்டது. செய்த இடத்துக்கே அனுப்பட்டும் என்று பெண்கள் ஒருமித்துச் சொல்லிவிட்டார்கள். வினோஜன் லொறி பிடிக்கிறான்.

உன் தாளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கூட்டம் முடியும்வரை என் கைப்பைக்குள் இருந்தது. வெளியே எடுக்கவில்லை. எடுக்கத் தேவை வரவில்லை. அது உன்னுடையது, அதை என்ன செய்வதென்று நீதான் பார்க்க வேண்டும்.

கழுத்தில் மாலை விழுந்தவளைப்போல் சந்தோசமாக இருக்கும்
உன் அக்கா


வெள்ளவத்தை
21.09.2025

அன்புள்ள அக்கா,

சாக்குகள் வந்து சேர்ந்தன. எங்கள் வாவிச் சேற்று மணம் மூன்றாம் மாடி வரைக்கும் ஏறிவிட்டது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள், எனக்கு மட்டும் வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது. ஒரு சாக்கை அவிழ்த்தேன். உள்ளே முழுக்க என் இலைகள், ஒன்றுகூட மங்கவில்லை.

அன்றைய அலுவலகக் கூட்டத்தில் அந்தப் பக்கத்தை நானே மேசையில் வைத்தேன். தமிழ் வரியை எடுத்தது நான் என்றும் சொன்னேன். பெரியவர் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் புதுப் பையின் வேலையை என்னிடமே தந்தார். இலை இல்லை. மூன்று மொழியிலும் ஒரே அளவு எழுத்தில்: "கூட்டெரு ஆலையில் மட்டும் உக்கும். மண்ணிலோ நீரிலோ விடக்கூடாது." இப்படி எழுதினால் யார் வாங்குவார்கள் என்று விற்பனைப் பகுதியார் கேட்டார்கள். கூட்டெரு ஆலை வைத்திருப்பவர்கள் என்றேன்.

கஸ்ரிக் மருந்து எடுக்க மறந்து பத்து நாளாகிறது. நேற்று நண்டுக் கறி சாப்பிட்டேன்.

நீங்கள் இப்போது எதில் கன்று வளர்க்கிறீர்கள்? அத்தான் பைப்பில் ஏதோ செய்கிறார் என்று கேள்விப்பட்டேன். ஒரு வரைபடம் கீறி வைத்திருக்கிறேன், அனுப்புகிறேன். பிழை இருந்தால் சொல்லுங்கள், இந்த முறை கேட்பேன்.

நிலானி


அமிர்தகழி
09.11.2025

அன்பின் நிலானி,

இன்று காலையும் முதல் வேலையாக வாவிக்கரைக்குத்தான் போனேன். இந்த முறை எதையும் பிடுங்கவில்லை. சும்மா நின்று பார்த்துவிட்டு வந்து, தேத்தண்ணி வைத்து, உன் அத்தானுக்கும் ஊற்றிக் கொடுத்தேன். அவர் பயந்துவிட்டார், என்ன நடந்தது என்று கேட்டார்.

அவருடைய கண்டுபிடிப்பைச் சொல்கிறேன். வேலைக்குப் போன இடங்களில் மிஞ்சிய பைப் துண்டுகள் வருடக்கணக்காக வீட்டுக்குப் பின்னால் கிடந்து பாம்புக்குக் குடியிருப்பாக இருந்தன. அவற்றை ஒரு அடி நீளத்துக்கு அரிந்து, நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து, சைக்கிள் டியூப் ரப்பரால் சேர்த்துக் கட்டினார். அதற்குள் கன்று வளரும். நடும்போது ரப்பரை உருவினால் பைப் இரண்டு பாதியாக விலகும், வேர் மண்ணோடு அப்படியே நிற்கும். பைப் வீட்டுக்குத் திரும்பி வரும். "இதுவும் பிளாஸ்டிக்தான், ஆனா இது தான் பிளாஸ்டிக் எண்டத மறைக்கல்ல" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

நாற்றுமேடையில் முன்பே வளர்ந்து நின்ற கன்றுகளைப் பைப்புக்கு மாற்றி, முதல் தொகுதியைப் போன மாதம் நட்டோம். அறுநூறு பைப் போனது, ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டுத் திரும்பி வந்தது. மிச்சம் இரண்டும் கண்ணகை வீட்டு வேலியில் நிற்கின்றன, மிளகாயோடு. நடுகை நடந்து நான்கு கிழமை, செத்தது பதினொரு கன்று.

உன் வரைபடத்தையும் சோதித்தோம். பத்துச் செய்தோம். ஒரு பக்கம் நீ வைத்த கதவுப் பிணைச்சலுக்குள் சேறு அடைத்து, மூன்றாம் நாளே திறக்க மறுத்துவிட்டது. கோபிக்காதே, படத்தில் சேறு இருக்காதுதானே. ஆனால் ரப்பர் வழுக்காமல் இருக்க நீ போட்ட சின்ன வெட்டு மிக நன்று. எல்லாப் பைப்பிலும் இப்போது அந்த வெட்டு இருக்கிறது. நிலானி வெட்டு என்றுதான் பெண்கள் சொல்கிறார்கள்.

மாங்கேணியிலிருந்து ஒரு சங்கத்தார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வேறொரு கம்பனி கடதாசியில் செய்த புதுச்சட்டி கொண்டுவந்து, நூறு வீதம் இயற்கை என்றது. கண்ணகை அவர்களை வாவிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கம்பைக் காட்டி, "இதுல கட்டிப்போட்டு ஆறு மாசம் கழிச்சு வாங்க மனே" என்றாள். கட்டிவிட்டுத்தான் போனார்கள்.

நத்தார்ப் பண்டிகைக்கு நீ வருவதாக வரைபடத்தோடு எழுதியிருந்தாய். ஆறு நாளாவது நில். உன்னை முதலில் பதினேழாம் வரிசைக்குக் கூட்டிப்போக வேண்டும். அதற்குள் நின்றால் இப்போது என் தலை தெரியாது.

இன்னுமொன்று. நாளை மறுநாள் சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டம். ஏழு வருடமாக நான்தான் தலைவி, இந்த முறையும் என் பெயரைத்தான் முன்மொழிவார்கள், எதிர்ப்பதற்கு ஆள் இல்லை. கொஞ்ச நாளாக நான் யோசிப்பது ஒரே விசயம். அன்று எல்லோரும் என் படிப்பை நம்பினார்கள், நான் ஒரு அச்செழுத்தை நம்பினேன். தன் கையை நம்பியவள் ஒருத்திதான். அவள் கேட்ட கேள்விக்கு நான் சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை என் பெயரைச் சொல்லும்போது நான் எழும்பி, வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கண்ணகையின் பெயரைச் சொல்லப்போகிறேன். கணக்கும் கடிதமும் எழுத நான் பக்கத்தில் இருப்பேன். உன் அத்தானுக்கு இதைச் சொல்லவில்லை. கண்ணகைக்கும் சொல்லவில்லை, சொன்னால் அன்றைக்குக் காய்ச்சல் என்று படுத்துவிடுவாள். இந்தக் கடிதம் உன் கைக்கு வர மூன்று நாள் ஆகும். அதுவரைக்கும் இது எனக்கும் இந்தத் தாளுக்கும் மட்டும்தான் தெரியும்.

முதல் கையை நான் உயர்த்துவேன்.

உன் அக்கா
றோஸ்மேரி